முதல் வரியில யார் பேரு இருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, படத்தை கம்ப்யூட்டர்ல டோக்கனா விக்கிற என்எஃப்டி, அதைப் பதியிற பிளாக்செயின் பத்தி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீங்க. கலைஞனுக்கு இனிமே தரகர் தேவையில்ல, உலகம் பூரா ஒரே சந்தை, ஒவ்வொரு தடவை படம் கைமாறும்போதும் வரைஞ்சவனுக்குப் பங்கு வந்துக்கிட்டே இருக்கும்னு எழுதியிருந்தாக. அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. அம்புட்டும் பொய்னு நான் சொல்ல வரல, ஆனா எங்க வீட்டுல நடந்த ஒண்ணைச் சொல்லாம விட்டா, நாளைக்கு இன்னொரு பட்டறைக்காரரும் இதே மாதிரி உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருப்பாரு, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நாங்க ஆத்தங்குடி. அப்பாவுக்கு டைல்ஸ் பட்டறை. ஊருக்குள்ள கல்லுன்னுதான் சொல்லுவோம். ஆர்டர், கணக்கு, வாட்ஸ்அப், பார்சல் எல்லாம் நான் பாத்துக்கிறேன், கல்லு ஊத்துறது அப்பாவும் இன்னும் நாலு பேரும். கடையில வாங்குற டைல்ஸை மட்டும் பாத்தவுகளுக்கு இது எப்படி வருதுன்னு தெரியாது. சூளையில வேகாத கல்லு இது. சதுரமா வெட்டுன கண்ணாடித் துண்டை கீழ போட்டு, அதுமேல இரும்புச் சட்டத்தை வச்சு, சட்டத்துக்குள்ள டிசைன் அச்சை இறக்கணும், அச்சுல இருக்க ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் கலர் கலந்த சிமெண்ட் கூழை கரண்டியால ஊத்தணும், சேப்பு ஒரு கட்டம், மஞ்சள் ஒரு கட்டம், பச்சை ஒரு கட்டம்னு. அப்புறம் அச்சைத் தூக்குறது இருக்கு பாருங்க, அங்கதான் கை பேசணும். ஒரு நூல் அசைஞ்சாலும் சேப்பு மஞ்சளுக்குள்ள போயிடும். தூக்குனதும் மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவையை வச்சு அமுக்கி மட்டம் பண்ணி, ஒரு நாள் காயவிட்டு, தொட்டித் தண்ணியில ஊறப்போட்டு, எடுத்து நிழல்ல காய வச்சா கண்ணாடி தானா விட்டுரும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுக்கிற பளபளப்பு, பாலீஷ் எதுவும் கிடையாது. ஒரே அச்சுதான், ஒரே ஆள்தான், ஆனா ரெண்டு கல்லு ஒண்ணு போல வராது. பட்டறையில 10 வருசம் நின்னவுகளுக்கு எந்தக் கல்லு யார் ஊத்துனதுன்னு பாத்ததும் தெரியும்.

2021 டிசம்பர்ல, மார்கழி ஆரம்பம், சென்னையில இருந்து ரெண்டு பேர் கார்ல வந்தாக. ஒரு பையன், ஒரு பொண்ணு, ரெண்டு பேருக்குமே முப்பது வயசு இருக்காது. நிறுவனத்தோட பேரு இங்க வேண்டாம், இப்ப அந்த நிறுவனமே இருக்கான்னு தெரியல. நல்லா மரியாதையாத்தான் பேசுனாக. அந்தத் தம்பி திண்ணையில உக்காந்து, "ஐயா, உங்க டிசைனை எல்லாம் டோக்கனா மாத்திடலாம், உலகத்துல எவன் வாங்குனாலும் உங்க பேரு அதுல இருக்கும், அவன் இன்னொருத்தனுக்கு வித்தா அதுலயும் உங்களுக்கு 10 பர்சென்ட், உங்க பேத்தி காலத்துலயும் வந்துக்கிட்டே இருக்கும்"னு சொன்னாரு. அப்பா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "தம்பி, கல்லு இங்கயே இருக்குமா?"ன்னு மட்டும் கேட்டாரு. "கல்லு உங்ககிட்டயே இருக்கும்யா, படம்தான் போகும்"னு சொன்னதும் சரின்னுட்டாரு.

அந்த வருசம் ஊர் உலகமே அப்படித்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு, அதை வச்சுத்தான் நானும் தைரியமா அப்பாவை ஒத்துக்க வச்சேன். 2021 மார்ச்ல கிறிஸ்டிஸ் ஏலத்துல பீப்பிள்ங்கிற அமெரிக்கக் கலைஞரோட ஒரு டிஜிட்டல் படம் 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போச்சு, நம்ம பணத்துல ஏறக்குறைய 500 கோடி. 2007 மே மாசத்துல இருந்து தினம் ஒரு படம்னு அவர் வரைஞ்ச 5000 படத்தை ஒண்ணா அடுக்கி ஒரே படமா ஆக்குனது அது. அதை வாங்குனது யாருன்னு பாத்தா நம்ம தமிழ் ஆளு, சிங்கப்பூர்ல இருக்க விக்னேஷ் சுந்தரேசன். அவரும் கூட்டாளி ஆனந்த் வெங்கடேஸ்வரனும் பின்னாடி வெளிய வந்து, இந்தியர்களும் கலையை ஆதரிக்கிற புரவலரா இருக்க முடியும்னு காட்டத்தான் வாங்குனோம்னு சொன்னாக. எனக்கு அன்னைக்கு உண்மையிலேயே பெருமையா இருந்துச்சு. எங்க பக்கத்துல இருந்து கப்பல் ஏறி லேவாதேவி பண்ணப் போன அதே சிங்கப்பூர், அங்க உக்காந்துக்கிட்டு ஒரு தமிழ்ப் பையன் இம்புட்டுப் பெரிய ஏலத்துல கையைத் தூக்குறான்னா சும்மாவா.

எங்க அத்தை மகன் ஒருத்தன் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில படிச்சுட்டு சென்னையில கேம் கம்பெனிக்கு பின்னணிப் படம் வரையிறான். கம்ப்யூட்டர்ல வரையிற படத்துக்கு அசல்னு ஒண்ணு கிடையாது, காப்பி பண்ணா ரெண்டும் ஒண்ணுதான், அப்ப எதை விக்கிறது? இருபது வருசமா டிஜிட்டல்ல வரையிறவுகளுக்கு இருந்த கஷ்டம் இதான். அவன் 2021ல ரெண்டு படம் டோக்கன் போட்டு வித்தான், ஆறு மாசச் சம்பளம் ரெண்டு வாரத்துல வந்துச்சு, தங்கச்சி கல்யாணக் கடனை அதுல அடைச்சான். அதை நான் மறைக்க மாட்டேன், அது நடந்த விசயம்.

நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் இந்த பிளாக்செயினை எங்க ஊரு பாசையில சொல்றேன், ஏன்னா உங்க கட்டுரையில அது எனக்கே தலை சுத்துற மாதிரி இருந்துச்சு. அம்மாவோட அப்பா கானாடுகாத்தான்ல ஒரு செட்டியார் வீட்டுல கணக்கெழுதுனவர். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகைன்னு மூணு நோட்டு எப்பவும் அவரு முன்னாடி இருக்கும், பக்கத்து உச்சியில பிள்ளையார் சுழி போடாம ஒரு காசு எழுத மாட்டாரு. அவரு சொல்லுவாரு, பேரேட்டுல அடிச்சுத் திருத்தக் கூடாது, தப்பா எழுதிட்டா அது அப்படியே இருக்கட்டும், கீழ அடுத்த வரியில எதிர்ப்பதிவு போடுன்னு. பிளாக்செயினும் ஒரு பேரேடுதான். அந்தப் பேரேட்டை ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல வச்சிருக்காக, ஒவ்வொரு பக்கத்துலயும் முந்தின பக்கத்தோட முத்திரை இருக்கும், நடுவுல ஒரு எண்ணை எவனாவது மாத்துனா அதுக்கப்புறம் வர்ற எல்லாப் பக்கத்து முத்திரையும் பொருந்தாமப் போயிடும், மத்த கம்ப்யூட்டர் எல்லாம் அதை ஒத்துக்காது. அவ்வளவுதான் விசயம். டோக்கன்ங்கிறது அந்தப் பேரேட்டுல ஒரு வரி. 500 ரூவா நோட்டு ஒண்ணைக் குடுத்து இன்னொரு 500 ரூவா நோட்டு வாங்குனா யாருக்கும் நட்டமில்ல, ஆனா ஆச்சி கழுத்துல கிடந்த கழுத்துருவைக் குடுத்துட்டு அதே எடைக்கு இன்னொண்ணு வாங்கிக்கன்னா வீட்டுல எவ ஒத்துக்குவா? மாத்திக்க முடியாத ஒத்தைப் பொருளுக்கான வரி, அதான் என்எஃப்டி.

இதுல ரொம்பப் பேருக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் படம் அந்தப் பேரேட்டுக்குள்ள இருக்காது. படம் வேற எங்கயோ ஒரு சர்வர்ல கிடக்கும், பேரேட்டுல அதுக்குப் போற முகவரி மட்டும்தான் இருக்கும். டோக்கனை வாங்குனவருக்கு படத்தோட காப்பிரைட்டும் தானா வந்துராது, தனியா எழுதிக் குடுத்தாத்தான் உண்டு. அப்ப வாங்குறவர் என்னத்தை வாங்குறாரு? அந்த வரியில தன் பேரு இருக்கிறதை வாங்குறாரு. அப்படி ஒரு வரிக்கு மதிப்பே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், வீட்டுப் பத்திரம் கூட ஒரு காகிதந்தான்.

சரி, எங்க கதைக்கு வர்றேன். 14 டிசைன் போட்டோ எடுத்தாக. முடிஞ்ச கல்லை மட்டும் எடுக்காம, அப்பா ஊத்துறப்ப, அச்சைத் தூக்குறப்ப, கை மட்டும் தெரியிற மாதிரி நிறைய எடுத்தாக. அது ரொம்ப அழகா வந்திருந்துச்சு, நான் இன்னும் போன்ல வச்சிருக்கேன். பதிவு பண்றதுக்கு கேஸ் ஃபீஸ், அவுக சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேத்து 22,000 ரூவா கேட்டாக, ஒரு ஆர்டர் அட்வான்ஸ்ல இருந்து எடுத்துக் குடுத்தோம். பேரேட்டுல ஒரு வரி எழுத அந்தக் கம்ப்யூட்டர்காரவுகளுக்குக் குடுக்கிற கூலிக்குப் பேருதான் கேஸ், நாங்க பதிஞ்ச எத்தீரியம்ங்கிற பிளாக்செயின்ல 2021ல அது ரொம்ப கூடுதலா இருந்தது நெசந்தான். ஆனா பின்னாடி விசாரிச்சப்ப, ஓபன்சீ மாதிரி இணைய டோக்கன் சந்தையில வித்த பிறகு மட்டும் அந்தக் கூலி பிடிக்கிற மாதிரி, முன்பணமே இல்லாமப் பதிய அப்பவே வழி இருந்துச்சுன்னு தெரிஞ்சுது. அந்த 22,000 எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

மூணு டிசைன் வித்துச்சு. 9,000 ரூவாக்குக் கிட்டத்தட்ட இருக்கும், ஆனா அது ரூவாயா வரல, ஈதர்ங்கிற எத்தீரியம் காசா, வாலட்ங்கிற டிஜிட்டல் பர்ஸுக்குள்ள வந்துச்சு. அந்த வாலட்டுக்கு 12 வார்த்தை இருக்கும், இங்கிலீஷ் வார்த்தைங்க, வரிசை மாறாம வச்சிருக்கணும், அதான் சாவி. அது தொலைஞ்சா பேங்க்ல போய் ஆதார் காட்டி மீட்கிற மாதிரி எந்த வழியும் கிடையாது. எங்க வாலட்டை அவுகதான் ஓப்பன் பண்ணாக, 12 வார்த்தையை அவுகதான் எழுதி வச்சுக்கிட்டாக, "அக்கா, உங்களுக்கு மெயில்ல அனுப்புறேன்"னு அந்தப் பொண்ணு சொன்னுச்சு. மெயில் வரல. நானும் நாலஞ்சு தடவை கேட்டேன், சீசன் வேலையில அப்படியே விட்டுட்டேன். 2022 மே, ஜூன்ல அந்தச் சந்தை மொத்தமா சரிஞ்சப்ப அவுக நம்பரும் சுவிட்ச் ஆஃப் ஆயிடுச்சு. எங்க பக்கத்துப் பெரிய வீடுகள்ல பெட்டக அறைச் சாவியை வீட்டு ஆச்சி இடுப்புல செருகி வச்சிருப்பாக, தூங்கும்போது கூட எடுக்க மாட்டாக. சாவியை அடுத்தவுக கையில குடுத்துட்டு பொருள் எங்களுதுன்னு நாங்க நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

பணம் போனது கூட எனக்குப் பெருசில்ல. 2023ல பெங்களூர்ல இருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் மேடம் கல்லு ஆர்டர் பண்ணாக, பேசிக்கிட்டு இருக்கும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "இது உங்க பட்டறை மாதிரி இருக்கே"ன்னு கேட்டாக. அது வேற ஒரு ஆளோட கணக்கு, எந்த நாட்டு ஆளுன்னு கூடத் தெரியல, தென்னிந்தியப் பாரம்பரியத் தொகுப்புன்னு தலைப்பு, உருவாக்கியவர்ங்கிற இடத்துல அந்த ஆளோட புனைபேரு. படத்துல இருக்கிறது எங்க அப்பாவோட கை. அவருக்கு இடது கை கட்டை விரல்ல நகம் கிடையாது, நான் மூணாப்பு படிக்கும்போது சட்டம் விழுந்து போயிடுச்சு. அந்த நகமில்லாத விரல் சேப்பு கலர் கூழுல பாதி முங்கி இருக்கு. நான் போனை அப்பாகிட்ட காட்டுனேன். அவரு கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, "நம்ம பாயம்மா வீட்டுக்கு ஊத்துன கல்லுல்ல இது"ன்னு சொன்னாரு, அவருக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தக் கல்லு எந்த வீட்டுத் தரையில கிடக்குங்கிறதுதான்.

நான் அந்தச் சந்தைக்குப் புகார் எழுதுனேன், அவுக பக்கத்துல இருந்து படத்தை எடுத்துட்டாக. ஆனா பேரேட்டுல இருக்க வரியை யாரும் எடுக்க முடியாது. அந்த ஆளு பேருலதான் அது இன்னைக்கும் இருக்கு, இன்னும் அம்பது வருசம் ஆனாலும் இருக்கும். ஆசிரியர் அவர்களே, நான் இந்தக் கடிதத்துல சொல்ல வந்தது இந்த ஒண்ணைத்தான். திருத்த முடியாத பேரேடுன்னு பெருமையாச் சொல்றாக, திருத்த முடியாதுதான், ஆனா முதல் வரியை எழுதுறது யாரு? அந்த வரி எழுதும்போது "இதைச் செஞ்சது நீதானா"ன்னு அந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ணு கூடக் கேக்கறதில்ல. யார்கிட்ட இருந்து யார்கிட்ட போச்சுங்கிறதை அது ஒரு காசு பிசகாமச் சொல்லும், யாரு செஞ்சதுங்கிறதுக்கு அதுக்குக் கண்ணே கிடையாது. தாத்தா கணக்குல தப்பு வந்தா எதிர்ப்பதிவு போட்டுச் சரி பண்ணலாம், இங்க எதிர்ப்பதிவு போடணும்னாக் கூட அந்தத் திருடன் கையில இருக்க சாவிதான் வேணும்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததுன்னு யாரும் நெனைக்க வேண்டாம். ஓபன்சீக்காரவுகளே 2022 ஜனவரியில வெளிப்படையாச் சொன்னாக, அவுக இலவசமாப் பதியக் குடுத்த வசதியில வந்ததுல 80 சதவீதத்துக்கு மேல திருட்டுப் படம், போலி, குப்பைன்னு. நூத்துல எம்பது. ஒரு சந்தையில விக்கிற வாழைக்காயில நூத்துக்கு எம்பது திருட்டு வாழைக்காய்னா அந்தச் சந்தையை நடத்த விடுவோமா?

அடுத்தது அந்த 10 பர்சென்ட். உங்க கட்டுரையில அதைத்தான் பெருசா எழுதியிருந்தாக, எங்க அப்பாவை மயக்குனதும் அதான். டோக்கன் கைமாறும்போது கலைஞனுக்குப் பங்கு தானாப் போகும்னு சொன்னது முழுசும் பேரேட்டுக்குள்ள எழுதுன விதி கிடையாது, பெரும்பாலும் அந்தந்தச் சந்தைக்காரவுக மனசு வச்சு வசூல் பண்ணிக் குடுத்தது. பிளர்னு ஒரு புதுச் சந்தை வந்து கமிசனைக் குறைச்சு ஆளுகளை இழுக்க ஆரம்பிச்சதும், போட்டியில ஓபன்சீயும் 2023 ஆகஸ்ட்ல, இனிமே கலைஞர் பங்கு கட்டாயம் இல்ல, விக்கிறவுக இஷ்டம்னு அறிவிச்சுட்டாக. பேத்தி காலம் வரைக்கும் வரும்னு சொன்னது ரெண்டு வருசம் கூடத் தாங்கல. இதை உங்க கட்டுரையில ஒரு வரி கூடச் சொல்லலையே, அதுதான் எனக்கு வருத்தம்.

சந்தை விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும், அதை நான் நீட்டல. ட்விட்டர் ஆரம்பிச்ச ஜாக் டோர்சியோட முதல் பதிவு டோக்கனை 2021 மார்ச்ல 29 லட்சம் டாலருக்கு வாங்குனவர், 2022 ஏப்ரல்ல அதை விக்கப் போட்டப்ப வந்த கேள்வி எல்லாம் சில நூறு டாலர்தான். நம்ம நாட்டுல 2022 ஏப்ரல்ல இருந்து இந்த மாதிரி சொத்துல வர்ற லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலையில இருந்து விக்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ், ஒண்ணுல வந்த நட்டத்தை இன்னொண்ணு லாபத்துல கழிச்சுக்கவும் முடியாது. எத்தீரியம் கரண்டை ரொம்ப இழுக்குதுன்னு இருந்த குத்தம் மட்டும் 2022 செப்டம்பர்ல அவுக முறையை மாத்துனதும் 99 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு போச்சு, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல.

எனக்கு இன்னொரு விசயம் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. டேமியன் ஹர்ஸ்ட்னு இங்கிலாந்துல பெரிய கலைஞர். 10,000 பேப்பர்ல கலர் புள்ளி வச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டோக்கன் போட்டு 2021ல 2,000 டாலர்னு வித்தாரு. வாங்குனவுக ஒரு வருசத்துக்குள்ள முடிவு பண்ணணும், பேப்பர் வேணுமா டோக்கன் வேணுமான்னு, ரெண்டும் கிடையாது. 5,149 பேப்பர் பக்கம் போச்சு, 4,851 டோக்கன் பக்கம். டோக்கன் பக்கம் போனதோட பேப்பரை எல்லாம் 2022 அக்டோபர்ல லண்டன்ல அவரோட கேலரியிலயே நெருப்புல போட ஆரம்பிச்சாரு. அது அவரோட படம், அவரோட இஷ்டம், கலையா பணமான்னு சோதிச்சுப் பாக்கத்தான் செஞ்சாருன்னும் சொல்றாக, இருக்கட்டும். ஆனா அந்த வீடியோவை எங்க பட்டறையில வச்சுப் பாத்தப்ப, சிமெண்ட் மூட்டை தூக்குற அண்ணன் வரைக்கும் யாருக்கும் பேச்சு வரல. கையால செஞ்ச ஒண்ணை எரிச்சாத்தான் அதோட கணக்கு வரிக்கு மதிப்புங்கிறது எங்களால தாங்க முடியாத விசயம். நாங்க இந்தப் பக்கத்துல பெரிய பெரிய வளவு வீடுகள் பங்காளி தகராறுல பூட்டிக் கிடந்து, கடைசியில பிரிச்சு விக்கிறதைப் பாத்துக்கிட்டே வளந்தவுக.

அந்தப் பிரிச்சு விக்கிற சாமான் வந்து சேர்ற இடத்துல, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல, இந்தத் தொழில்நுட்பம் நெசமாவே உபயோகப்படுமேன்னு நான் நெனைச்சுப் பாத்ததுண்டு. பர்மாத் தேக்குத் தூணு, செதுக்குன நிலை, எனாமல் சட்டி, மணி கோத்து ஜரிகை ஒட்டுன சாமி படம், எல்லாம் அங்க குவிஞ்சு கிடக்கும். எந்த ஊரு, எந்த வீடு, யார் செதுக்குனதுன்னு கேட்டா கடைக்காரருக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாரு. அதே தூணு நாலு கை மாறி வெளிநாட்டுல ஏதோ ஒரு ஓட்டல்ல நிக்கும். வீட்டைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு தூணுக்கும் போட்டோவோட ஒரு பதிவு போட்டா, பின்னாடி எங்க போனாலும் அதோட பூர்வீகம் கூடவே போகும், திருட்டுச் சிலை கதையில நாம பட்ட பாட்டுக்கு அது எம்புட்டு உதவியா இருந்திருக்கும். ஆனா இங்கயும் அதே முடிச்சுதான். தூணுக்கும் டோக்கனுக்கும் நடுவுல கயிறு ஒண்ணும் கட்டியில்ல. இந்தத் தூணுக்குப் போட்ட டோக்கனை வேற தூணுக்கு மாட்டி வித்தா பேரேடு வாயைத் திறக்காது. பிரிக்கிற அன்னைக்கு பக்கத்துல நின்னு, ஆமா இது இந்த வீட்டுத் தூணுதான்னு பாத்துக் கையெழுத்துப் போட நம்பிக்கையான ஒரு ஆளு வேணும். அந்த ஆளு இருந்தா அவர் எழுதுறது பிளாக்செயினா இருந்தா என்ன, நாப்பது பக்க நோட்டா இருந்தா என்ன.

நகல் எடுக்கிறதையே நான் குத்தம் சொல்றேன்னு நெனைச்சிராதீங்க. எங்க பக்கத்துல எந்த வீட்டு முகப்புக்குப் போனாலும் ரவி வர்மா லட்சுமியும் சரஸ்வதியும் சுவத்துல இருப்பாக, எல்லாம் அச்சுப் படந்தான். 1894ல பம்பாய்ல அச்சகம் வச்சு ஆயிரக்கணக்குல அடிச்சு வித்ததாலதான் சாமி படம் சாதாரண ஜனங்க வீட்டுக்கும் வந்துச்சு. ஆனா அந்தப் படத்துக்குக் கீழ ரவி வர்மா பிரஸ்னு அடிச்சிருக்கும். நூறு வருசத்துக்கு மேல ஆகி, பேப்பர் பழுத்து, செல்லரிச்சுப் போனாலும், அந்தப் பேரு அங்க இருக்கு. எங்க அப்பா டிசைனையும் உலகம் பூரா போடட்டும், சுவத்துல மாட்டட்டும், கீழ ஆத்தங்குடின்னு ஒரு வார்த்தை இருந்தாப் போதும்.

இதுக்கு இருக்க சட்டத்தைப் பத்தியும் நீங்க எழுதியிருக்கலாம். நான் தேவகோட்டையில ஒரு வக்கீல் ஐயாகிட்ட போய் ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டுட்டு வந்தேன். 1957 காப்பிரைட் சட்டத்துல 53ஏன்னு ஒரு பிரிவு இருக்காம். ஓவியம், சிற்பம் மாதிரி அசல் கலைப்பொருளை 10,000 ரூவாக்கு மேல மறுபடி வித்தா, வரைஞ்சவருக்கோ அவரோட வாரிசுக்கோ அந்த விலையில பங்கு கேக்க உரிமை உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். டோக்கன்காரவுக புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி சொன்ன அதே 10 சதவீதம் நம்ம சட்டத்துல 1990கள்ல இருந்தே கிடக்குது, எத்தனை ஓவியருக்குத் தெரியும்? கும்பகோணத்துல படிச்ச எங்க அத்தை மகனுக்கே தெரியல. ஆனா கல்லு டிசைனுக்கு நிலைமை வேற. அது டிசைன் சட்டத்துக்குள்ள வரும், 2000ம் வருச டிசைன் சட்டத்துல புது டிசைனைப் பதிஞ்சா 10 வருசம், இன்னும் 5 வருசம் நீட்டிக்கலாம். பதியாம விட்டுட்டு, அந்த டிசைன்ல தொழில்முறையா 50 உருப்படிக்கு மேல போட்டுட்டா காப்பிரைட்டும் போயிடும்னு வக்கீல் ஐயா சொன்னதும் எனக்குத் திக்குனு ஆயிடுச்சு, ஒரு வீட்டுக்கே நாங்க ஆயிரம் கல்லு போடுவோம். பாட்டன் காலத்து டிசைனைப் புதுசுன்னு பதியவும் முடியாது. அது ஊருக்கே பொதுவானது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது, ஊருக்குப் பொதுவான ஒண்ணை ஊர் பேருலயே காக்குற வழி அது, ஆனா அதுலயும் இந்தச் சேலையை நெய்தது யாருங்கிறது வராது.

அதனால பத்திரிகைக்கு என்னோட வேண்டுகோள் இதுதான். டோக்கன் எம்புட்டுக்குப் போச்சுன்னு எழுதுற பக்கத்துல, பதியிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியதையும் எழுதுங்க. வாலட்டோட 12 வார்த்தை யார் கையில இருக்கப் போகுது, படம் எந்த சர்வர்ல இருக்கும், அந்த சர்வருக்கு வருசா வருசம் காசு கட்டுறது யாரு, காப்பிரைட் யாருகிட்ட நிக்கும், முன்பணம் எதுக்குன்னு. ஊர்ப்புறத்துல இருக்க நெசவாளி, பனையோலைக் கொட்டான் பின்னுற அக்காமார், அரியக்குடி விளக்குப் பட்டறைக்காரவுக, இவுககிட்டயும் நாளைக்கு இதே மாதிரி யாராவது கார்ல வந்து இறங்குவாக. அப்புறம், கைத்தொழில் துறையோ, அரசோட கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரோ, யார் செஞ்சாலும் சரி, எங்க பக்கத்து வீட்டுத் தரையில எல்லாம் இருக்க பழைய கல்லு டிசைனைப் போட்டோ எடுத்து, எந்த ஊரு, எந்த வருசம் கட்டுன வீடு, எந்தப் பட்டறைன்னு விசாரிச்சு எழுதி எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கச் சொல்லி நீங்க எழுதணும். அப்படி ஒரு பதிவு தேதியோட இருந்தா, நாளைக்கு எவனாவது அதை எடுத்து என் டிசைன்னு டோக்கன் போட்டா, இது உனக்கு முன்னாடியே இங்க இருக்குப்பான்னு எடுத்துக் காட்டலாம். எங்க பட்டறையிலயே 60 அச்சுக்கு மேல இருக்கு, அதுல சிலது கொத்துன ஆசாரி யாருன்னு அப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும், அவருக்கு இப்ப 71.

நாங்க எங்களால முடிஞ்சதை ஆரம்பிச்சுட்டோம். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பாத்த மறுநாள் காலையில அப்பா பட்டறைக்கு வந்து ஒரு ஆணியை எடுத்து, ஈரக் கலவையை மட்டம் பண்ணி முடிச்ச உடனே அது காயிறதுக்குள்ள, கல்லோட முதுகுல அவரோட பேருல முதல் எழுத்தைக் கீறுனாரு. மத்த நாலு பேரையும் அவுகவுக எழுத்தைக் கீறச் சொன்னாரு. தரையில பதிச்சா அது மண்ணுக்குள்ள போயிடும், யாரும் பாக்க மாட்டாகன்னு ஒருத்தர் சொன்னதுக்கு, "பேத்து எடுக்கிறப்ப பாப்பாக, கீறுப்பா"ன்னாரு. ஆர்டர் நோட்டுலயும் இப்ப நான் ஒரு பத்தி கூடுதலாப் போட்டிருக்கேன், ஊத்துனவர் பேருன்னு. போன மாசம் பள்ளத்தூருக்கு அனுப்புன 900 கல்லுல யார் யார் எத்தனை ஊத்துனாகன்னு தேதியோட அதுல இருக்கு.

உங்க வாசகர் யார் வீட்டுலயாவது பழைய கல்லு பேந்து கிடந்தா, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அதோட முகத்தையும் முதுகையும் ஒரு போட்டோ எடுத்து, வீட்டுல இருக்க பெரியவுககிட்ட எந்த வருசம் கட்டுன வீடுன்னு கேட்டு எழுதி வைங்க. நகராட்சிக் குப்பையில போயிட்டா அப்புறம் கிடைக்காது.

இப்படிக்கு,
டைல்ஸ் பட்டறை வீட்டு வாசகி,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.